தினமும் 8.30 மில்லிமீட்டர் மழை: ஜெக்கிலை விட்டு ஹ்யூகோவுக்கு மாறிய அனுபவம்

இந்த வருஷம் மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், எங்கள் ஊரில் பதினோரு நாள் விடாமல் மழை பெய்தது. தினமும் சரியாக 8.30 மில்லிமீட்டர், கூடவும் இல்லை குறையவும் இல்லை. அப்படித்தான் எங்கள் இணையதளம் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, "சார், உங்க ஊருக்கு மட்டும் தனியா மேகம் வாங்கி வச்சிருக்கீங்களா?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

இதில், எங்கள் தளத்தின் பக்கங்களைக் கட்டித் தரும் மென்பொருளான ஹ்யூகோவின் குற்றம் கொஞ்சம், என் குற்றம் நிறைய, சித்தப்பாவின் பங்கும் ஒரு கைப்பிடி. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். அதே வேலையைச் செய்யும் ஜெக்கிலில் பதினோரு வருஷம் ஓடிய ஒரு தளத்தை மாசி மாதம் ஹ்யூகோவுக்கு மாற்றினேன், இப்போது ஐப்பசி மழை பிடித்துவிட்டது, எட்டு மாதம் ஓட்டிப் பார்த்தாயிற்று. இதே மாற்றத்தை யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உபயோகப்படும் என்று எழுதுகிறேன். இரண்டுமே இலவசம், அதனால் காசுக் கணக்கு எதுவும் இல்லை, போனது என் ராத்திரிகள்தான்.

முதலில் தளம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் நீடாமங்கலத்துக்குப் பக்கம். மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிந்து, பாமணியாறு மன்னார்குடிப் பக்கம் போக, கோரையாறு தனியாகப் போகும் இடத்திலிருந்து சைக்கிள் தூரம். சித்தப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கொல்லையில் மழைமானி வைத்து, வானிலைத் துறை அளப்பது போலவே தினமும் காலை 8.30க்கு, முந்தின 24 மணி நேர மழையை அளந்து நோட்டில் எழுதுவார். கூடவே ரெண்டு வரி குறிப்பு: ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, யார் வயலில் நாற்று விட்டார்கள், எந்த மதகில் ஷட்டர் இறங்கவில்லை, இப்படி. 2014இல் நான் அதை இணையத்தில் போட ஆரம்பித்தேன், பழைய நோட்டிலிருந்து 2012 வரைக்கும் பின்னால் போய்த் தட்டெழுதினேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். இன்றைக்கு 4,700 பக்கத்துக்கு மேல் இருக்கிறது. பெரிய கூட்டமெல்லாம் வராது. ஆனால் கார்த்திகையில் காலை 9 மணிக்குப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறவர்கள் கடைமடையில் கணிசமாக இருக்கிறார்கள், அன்றைக்குப் பதிவு வரவில்லை என்றால் போன் வரும்.

ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நாம் சாதாரண எழுத்து ஃபைல்களாக எழுதி வைப்பதை எடுத்து, அச்சில் போட்டு, முழு எச்டிஎம்எல் பக்கங்களாகத் தட்டித் தரும் மென்பொருள். ஜெக்கிலும் ஹ்யூகோவும் அந்த வகை. தரவுத்தளம் கிடையாது, வேர்ட்பிரஸ் மாதிரி யாராவது பக்கத்தைத் திறக்கும்போது பின்னால் ஒன்றும் ஓடாது, அதனால் உடைத்துக்கொண்டு உள்ளே வரவும் அதிகம் வழி கிடையாது. செங்கல் சூளைதான். சுட்டு அடுக்கிவிட்டால் முடிந்தது.

ஜெக்கிலைப் பற்றி நான் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். 2008இல் டாம் பிரஸ்டன்-வெர்னர் ரூபி மொழியில் எழுதியது, தளம் வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸ் தானாகவே ஓட்டிக்கொடுப்பதால் உலகம் முழுக்கப் பரவியது. எனக்கு நிரலாக்கம் என்று ஒன்று புரிய ஆரம்பித்ததே அதில்தான். பக்கத்தின் அச்சை எழுத அதில் இருக்கும் லிக்விட் டெம்ப்ளேட் படித்தால் புரியும். ஒரு சந்தேகம் என்றால் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே யாரோ கேட்டு யாரோ பதில் சொல்லி வைத்திருப்பார்கள். தவறு இருந்தால் சிவப்பில் கத்திவிட்டு நின்றுவிடும். இந்தக் கடைசி குணத்தின் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

விட்டுப் போனதற்கு இரண்டு காரணம். எல்லோரும் சொல்கிற காரணம் வேகம், அது எனக்கும் இருந்தது. 4,700 பக்கத்தையும் என் பழைய லேப்டாப் சுட்டு எடுக்க ஆறு நிமிஷம். ஒரு எழுத்துப்பிழை திருத்தினாலும் ஆறு நிமிஷம். மாறிய பக்கத்தை மட்டும் கட்டுகிற ஒரு வசதி ஜெக்கிலில் உண்டு, சோதனை நிலை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுப் பார்த்தேன், அன்றைய பக்கம் வந்தது, முகப்பும் மாதக் கூட்டலும் பழையபடியே நின்றன. தலைமடையில் தண்ணீர் ஓடுகிறது, கடைமடைக்கு எட்டவில்லை. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, லேப்டாப் பேட்டரியோ ஐந்து நிமிஷம் தாங்கினால் அதிகம், ஆக ஆறு நிமிஷம் என்பது எனக்கு வெறும் சோம்பேறித்தனப் பிரச்சினையாக இல்லை.

இரண்டாவது காரணம்தான் உண்மையான காரணம். ரூபி. தளம் ஓட ரூபி வேண்டும், ஜெம் என்கிற ரூபியின் துணைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து சேர்க்க பண்ட்லர் வேண்டும், ஜெம்ஃபைல் என்ற பட்டியலில் எழுதிய ஒவ்வொரு ஜெம்மும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற பதிப்பில் வேண்டும். 2022இல் லேப்டாப்பில் உபுண்டு இயங்குதளத்தைப் புதுப்பித்தேன். ரூபி 2.7 போய் 3.0 வந்தது. மறுநாள் காலை தளத்தை ஓட்டினால் வெப்ரிக்கைக் காணோம் என்கிறது. ரூபி 3.0இல் வெப்ரிக் என்ற உள்ளூர் சர்வரை மூலத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், நாம்தான் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு ராத்திரி. இது நடந்தது ஒரு மழை நாளில் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் ஒரு முறை நான் சென்னையில் இருந்தபோது லேப்டாப் படுத்துவிட்டது, அத்தை பையன் லேப்டாப்பில் போட்டுக்கொள்ளச் சொல்லிப் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மொபைல் நெட்டில் ஒவ்வொரு ஜெம்மாக இறங்கி, ஒன்று கம்பைல் ஆகமாட்டேன் என்று அடம்பிடித்து, மூன்று மணி நேரம் கழித்து அவன் சொன்னான், "அண்ணே, பேசாம சித்தப்பா நோட்டையே போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டுடவா?"

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எலெவென்ட்டி என்ற இன்னொரு ஜெனரேட்டரையும் பார்த்தேன். நன்றாக இருக்கிறது, ஆனால் அது ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ் மேல் ஓடுவது, ரூபியை விட்டு ஓடிவந்து இன்னொரு மூட்டைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொள்வதில் அர்த்தமில்லை. ஸோலா என்று ரஸ்ட் மொழியில் எழுதியது ஒன்று, ஹ்யூகோ மாதிரியே ஒற்றை ஃபைல்தான், ஆனால் தமிழ் மாதப் பெயர் விஷயத்தில் ஹ்யூகோ பக்கம் சாய்ந்தேன். ஹ்யூகோ 2013இல் ஸ்டீவ் ஃபிரான்சியா ஆரம்பித்தது, கோ மொழியில் எழுதியது, இப்போது பல வருஷமாக பியோர்ன் எரிக் பெடர்சன் நடத்துகிறார்.

நிறுவுவது என்று ஒரு வேலையே இல்லை. ஒரு சுருக்கிய ஃபைலை இறக்கினேன், பிரித்தேன், உள்ளே ஓட்ட வேண்டியது ஒரே ஒரு ஃபைல். ஓட்டினேன், ஓடியது. நானே ரெண்டு முறை சரிபார்த்தேன், வேறு எதுவும் கேட்கவில்லை. அதை ஒரு பென்டிரைவில் போட்டு, பக்கத்தில் தளத்தின் ஃபோல்டரையும் வைத்து, அத்தை பையனிடம் ஒன்று, சித்தப்பாவின் மேஜை டிராயரில் ஒன்று என்று கொடுத்துவிட்டேன். இணையம் இல்லாத நேரத்திலும் தளத்தைக் கட்டிப் பார்க்கலாம், ஏற்றுவதற்கு மட்டும்தான் நெட் வேண்டும். வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், முதல் முறை ஓட்டியபோது ஐந்து வினாடியில் நின்றுவிட்டது, ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். உடையவில்லை. 4,700 பக்கமும் அங்கே இருந்தது. ஆறு நிமிஷம் ஐந்து வினாடி ஆனது பெரிய விஷயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு எதற்காக ஹ்யூகோவைப் பாராட்டுவாய் என்று கேட்டால் அந்தப் பென்டிரைவுக்காகத்தான்.

இனி கஷ்டம்.

ஜெக்கில் தளத்தை உள்ளே இழுக்க ஹ்யூகோவிலேயே ஒரு கமாண்ட் உண்டு. பதிவுகளை அழகாக எடுத்துக்கொண்டது. ஜெக்கிலில் ஃபைல் பெயரிலேயே தேதி இருக்கும், அதை எடுத்து ஒவ்வொரு ஃபைலின் தலைப்பகுதியில் எழுதியது. லேஅவுட்டைத் தொடவே தொடாது, அது நம் பாடு. பழைய லிங்க் உடையக்கூடாது என்பதற்கு வருஷம், மாதம், நாள் என்று அதே பாதையைக் கட்டமைப்பு ஃபைலில் எழுதிவிடலாம், அப்படியும் ஒத்துவராதவற்றுக்கு ஏலியஸ் என்று பழைய முகவரியைக் கொடுத்தால் அங்கிருந்து திருப்பிவிடும் ஒரு குட்டிப் பக்கத்தை அதுவே செய்துவிடுகிறது. இந்த வேலை ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. மீதி மூன்று வாரத்தை எடுத்தவை வேறு.

தேதி. எங்கள் தளத்தில் மேட்டூர் திறந்த தேதிகளுக்கு ஒரு பக்கம் உண்டு, அதைத்தான் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன், சின்னப் பக்கம், விடை எனக்கு மனப்பாடம். வழக்கமான நாள் ஜூன் 12; 2020, 2021, 2023, 2025 எல்லாம் அதே நாள். 2022இல் மே 24க்கே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. கோ மொழியில் தேதியை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்ல ஒரு மாதிரித் தேதியை எழுதிக் காட்ட வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அடடா, எவ்வளவு சுலபம் என்று "12 ஜூன் 2020" என்று எழுதினேன். மே 24 இப்படி வந்தது: 524 ஜூன் 24240. ஜூலை 28 இப்படி: 728 ஜூன் 28280. சித்தப்பா பக்கத்தில் நின்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இருபத்தெட்டாயிரத்து இருநூத்தி எண்பதாம் வருஷமும் ஜூன் மாசம்தான் திறக்கிறானா? நல்ல அரசாங்கம்தான்டா."

விஷயம் என்னவென்றால், மாதிரித் தேதி ஏதோ ஒரு தேதியாக இருக்கக்கூடாது. 2006ஆம் வருஷம் ஜனவரி 2, அந்த ஒரு நாள் மட்டும்தான் செல்லும். 1 என்றால் மாதம், 2 என்றால் நாள், 2006 என்றால் வருஷம். நான் எழுதிய 12ஐ அது மாதமும் நாளும் என்று படித்தது, 2020ஐ நாள், மறுபடி நாள், ஒரு சைபர் என்று படித்தது, ஜூனை என்னவென்று தெரியாமல் அப்படியே விட்டது. தெரிந்துகொண்ட பிறகு சிரிப்பு வருகிறது. ஆனால் கவனியுங்கள், அது எங்கேயும் கத்தவில்லை. ஒரு எச்சரிக்கை இல்லை. குப்பையை அழகாக அச்சடித்துவிட்டுப் போய்விட்டது.

இதே இடத்தில் ஒரு நல்லதும் சொல்ல வேண்டும். தளத்தின் மொழி தமிழ் என்று சொல்லிவிட்டு, நீண்ட தேதி என்று ஒரு ஆயத்த வடிவத்தைக் கேட்டால், "24 மே, 2022" என்று தமிழ் மாதப் பெயரோடு தானே தருகிறது. ஜெக்கிலில் இதற்காக நான் பன்னிரண்டு மாதத்துக்கும் ஏணி மாதிரி நிபந்தனை வரிகள் எழுதி வைத்திருந்தேன். அந்த ஏணியைத் தூக்கி எறிந்த நாள் நல்ல நாள்.

அப்புறம் நேரம். மாற்றிய முதல் வாரம் தினமும் காலை இதே கதை. சித்தப்பா 8.30க்கு அளப்பார், பதிவை எழுதுவார், நேரத்தையும் 8.30 என்றே போடுவார், நான் மன்னார்குடியில் இருந்து தளத்தைக் கட்டி ஏற்றுவேன், முகப்பில் அந்தப் பதிவு இருக்காது. எழுத்துப்பிழை தேடுவேன், இருக்காது. சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டுவேன், பதிவு வந்து உட்கார்ந்திருக்கும். நாலு நாள் இப்படி. வேப்பிலை அடிக்கலாமா என்று யோசித்த நேரத்தில்தான் பிடிபட்டது: நேர வலயம் எழுதாத நேரத்தை ஹ்யூகோ யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று எடுத்துக்கொள்கிறது. யுடிசி 8.30 என்றால் நமக்கு மத்தியானம் 2 மணி. வருங்காலத் தேதியுள்ள பதிவை அது வெளியிடாது, அதுதான் அதன் இயல்பான அமைப்பு. ஆக சித்தப்பா எழுதியதெல்லாம் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் இருந்தது. கட்டமைப்பில் நேர வலயம் ஆசியா/கொல்கத்தா என்று ஒரு வரி, தீர்ந்தது. ஜெக்கிலிலும் வருங்காலப் பதிவுகளை மறைக்கும் வழக்கம் உண்டு, ஆனால் எந்தக் காலத்திலோ அதை நான் திறந்துவிட்டிருந்தேன், மறந்தும் போயிருந்தேன். பதினோரு வருஷத்துக் குடித்தனத்தில் இப்படி எத்தனையோ ஆணி அடித்திருப்போம், வீடு மாறும்போதுதான் எது எதில் தொங்கிக்கொண்டிருந்தது என்று தெரியும்.

நேரடியாக எழுதிய எச்டிஎம்எல் அடுத்த அடி. 2018 நவம்பர் 16, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்த நாள். அன்றைக்கு எங்கள் கணக்கில் மழை அளவு கிடையாது, மழைமானியையே காற்று கொண்டுபோய்விட்டது, நாலு வீடு தள்ளி முருங்கை மரத்தடியில் கிடைத்தது. சித்தப்பா அந்த நாளுக்கு நோட்டில் அளவு எழுதும் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது, பின்னால் அந்த நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து, அதன் கீழே விழுந்த தென்னை மரங்களின் கணக்கை ஒரு அட்டவணையாகப் போட்டிருந்தேன், எல்லாம் நேரடி எச்டிஎம்எல். ஹ்யூகோவில் அந்தப் பக்கம் தலைப்பு மட்டும் நின்று கீழே வெற்றாக இருந்தது. மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் நாம் எழுதுவதை எச்டிஎம்எல்லாக மாற்றித் தர ஹ்யூகோ இப்போது கோல்ட்மார்க் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறது, நேரடி எச்டிஎம்எல் வந்தால் அதைத் தூக்கிவிட்டு, பக்கத்தின் மூலத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பை விட்டுவைக்கிறது. அடுத்தவர் எழுதுவதைக் காட்டும் தளத்துக்கு இது சரியான பாதுகாப்பு. எழுதுகிறவன் நானும் சித்தப்பாவும் மட்டும் என்னும்போது, பாதுகாப்பற்றது என்று பொருள்படும் பெயருள்ள ஒரு அமைப்பைத் திறந்துவிட்டால் போதும். அந்தப் பெயரைப் பார்த்துப் பயந்து ஒரு நாள் யோசித்தேன், தேவையில்லாத பயம். அதே மாதிரி, ஜெக்கில் மார்க்டவுனை மாற்றப் பயன்படுத்தும் கிராம்டவுனுக்கே உரிய அடைப்புக்குறிக் குறியீடுகளை நிறைய இடத்தில் போட்டிருந்தேன், அவை இங்கே வேலை செய்யாமல் பக்கத்தில் அப்படியே எழுத்தாக வந்து நின்றன. தேடி மாற்றும் கமாண்ட் ஒன்றில் போய்விட்டது.

அடுத்தது தமிழுக்கே உரிய வம்பு, வேறு மொழிக்காரர்கள் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் பதிவுகளுக்குக் குறிச்சொற்கள் தமிழில்: குறுவை, சம்பா, தாளடி, வெள்ளம், புயல், நீர். எங்கிருந்தோ ஒரு கட்டமைப்பு ஃபைலைக் காப்பி அடித்திருந்தேன், அதில் பாதையில் உள்ள எழுத்துகளின் மேற்குறிகளை நீக்கு என்ற அமைப்பு திறந்து கிடந்தது. ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் தலையில் இருக்கும் கொம்பையும் குல்லாவையும் கழற்ற வைத்தது அது. தமிழில் என்ன செய்தது தெரியுமா? நீர் பக்கத்தின் முகவரி "நர" என்று ஆனது. சம்பா "சமபா". வெள்ளம் "வெளளம". குறுவைக்கும் தாளடிக்கும் மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

ஏன் என்று தோண்டினால், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் நம் குறிகளை இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறது. துணைக்கால், கொக்கியாக வரும் இகரக் குறி, உகரக் குறிகள், கொம்புகள் எல்லாம் தனக்கென இடம் எடுக்கும் குறிகள். புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் எடுக்காத குறிகள். இரண்டாவது சாதியைத்தான் அந்த அமைப்பு சீவித் தள்ளுகிறது. குறுவையிலும் தாளடியிலும் புள்ளியும் இல்லை, ஈகாரமும் இல்லை, தப்பித்தன. அமைப்பை மூடிவிட்டால் எல்லாம் சரியாக வருகிறது, ஹ்யூகோ தானாக இதைச் செய்யாது, காப்பி அடித்த என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும். இருந்தாலும் தமிழில் தளம் வைத்திருப்பவர்கள் முதல் வேலையாக அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுகளின் முகவரிக்கு நான் ஆங்கில எழுத்தையே வைத்திருக்கிறேன், தமிழில் வைத்தால் பகிரும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்பது குறிகள் என்று சதவீதக் குறியாக நீண்டு, வாட்ஸப்பில் ஒரு முழம் போகிறது.

சரி, 8.30 கதைக்கு வருவோம். மழை அளவுகளைச் சித்தப்பா மாதத்துக்கு ஒரு அட்டவணையாக வைப்பார், அதை சிஎஸ்வி, அதாவது கமா போட்டுக் கட்டங்களைப் பிரித்த, ஃபைலாக எடுத்துத் தருவார். ஜெக்கிலில் அதைத் தரவு ஃபோல்டரில் போட்டால் போதும், தலைப்பு வரிசையைப் படித்துக்கொண்டு, மழை என்ற நிரலில் (நெடுவரிசையில்) என்ன இருக்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். ஹ்யூகோவிலும் தரவு ஃபோல்டர் உண்டு, அது ஜேசான், யாம்ல், டாம்ல், எக்ஸ்எம்எல் எல்லாம் படிக்கும், சிஎஸ்வியை மட்டும் அங்கே போடக்கூடாது. வேறு ஃபோல்டரில் வைத்து, டெம்ப்ளேட்டில் எடுத்துப் பிரிக்க வேண்டும். பிரித்தாலும் நான் மாறிய சமயத்தில் கையில் கிடைத்தது வெறும் வரிசைகள். மழை எங்கே என்று கேட்க முடியவில்லை, இரண்டாவது கட்டத்தில் என்ன என்றுதான் கேட்க வேண்டியிருந்தது. நானும் இரண்டாவது கட்டம் மழை என்று எழுதிவிட்டேன். பங்குனி ஓடியது, சித்திரை பாதி ஓடியது.

மே மாத அட்டவணையில் சித்தப்பா தேதிக்கும் மழைக்கும் நடுவில் நேரம் என்று ஒரு நிரல் சேர்த்தார். சில நாள் கல்யாணம் காட்சி என்று போய்விட்டு 9 மணிக்கு அளக்க நேர்கிறது, அதை எழுதாமல் விடுவது கணக்குக்குத் துரோகம் என்பது அவர் கட்சி. வாத்தியார். அந்தப் பதினோரு நாளும் சரியாக 8.30க்கே அளந்திருந்தார். இரண்டாவது கட்டத்தில் இப்போது 8.30. டெம்ப்ளேட் அதை எடுத்து, மில்லிமீட்டர் என்று ஒட்டி, கூட்டியும் காட்டியது: மே மாதம் இதுவரை 91.3. கோடை மழை கொட்டித் தீர்க்கிறது என்று யாராவது உளுந்தை அறுக்காமல் விட்டிருந்தால் எங்கள் பெயர் என்ன ஆகியிருக்கும் என்று சித்தப்பா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நிரல் சேர்த்தது நீங்கள்தானே சித்தப்பா என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

இப்போது தலைப்பு வரிசையைப் படித்து, மழை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தேடி எடுத்து, அந்தப் பெயர் இல்லையென்றால் தளத்தைக் கட்டாமலேயே நின்றுவிடும்படி எழுதியிருக்கிறேன். ஹ்யூகோவில் தவறு வந்தால் நிறுத்து என்று நாமே சொல்லும் வசதி இருக்கிறது, ஒற்றை வரிதான். நாம் சொன்னால்தான் நிற்கும். ஜெக்கில் முரட்டு மாடு, பிடிக்கவில்லை என்றால் முட்டிவிட்டு நின்றுவிடும். ஹ்யூகோ சாது மாதிரி நடந்துகொண்டே பக்கத்து வயலில் மேய்ந்துவிட்டு வரும். மாறுகிறவர்களுக்கு என் ஒரே அறிவுரை இதுதான்: தளம் கட்டியாயிற்று, பிழை எதுவும் காட்டவில்லை என்று நம்பாதீர்கள். விடை தெரிந்த பத்துப் பக்கத்தை எடுத்துப் பழைய தளத்தோடு எண்ணுக்கு எண் வைத்துப் பாருங்கள்.

பிளகின் இல்லாதது உண்மையான நஷ்டம். ஜெக்கிலில் ரூபியில் இருபது வரி எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் தமிழ்த் தேதி வரும்படி வைத்திருந்தேன். ஆடி 18 எப்போது என்று ஆங்கிலத் தேதியில் தேடிக்கொண்டிருக்க எங்கள் வாசகர்களுக்குப் பொறுமை கிடையாது. ஹ்யூகோவில் அந்த மாதிரி சொந்த நிரலை உள்ளே செருக இடமில்லை, டெம்ப்ளேட்டால் முடிந்ததுதான் முடியும். கடைசியில் சித்தப்பாவே பழைய பஞ்சாங்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு, 2012இலிருந்து ஒவ்வொரு தமிழ் மாதமும் எந்த ஆங்கிலத் தேதியில் பிறந்தது என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார், டெம்ப்ளேட் அதைப் பார்த்துக் கழித்துக்கொள்கிறது. ஒரு விதத்தில் இது என் பழைய கணக்கைவிடத் துல்லியம். ஆனால் வருஷா வருஷம் பன்னிரண்டு வரி சேர்க்க வேண்டும், சேர்க்க மறந்தால் என்ன ஆகும் என்று ஊகித்திருப்பீர்கள், அதற்கும் ஒரு நிறுத்து வரி போட்டிருக்கிறேன்.

டெம்ப்ளேட் மொழி எனக்கு இன்னும் ஒட்டவில்லை. ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் எல்லாம். பக்கத்தில் நிற்கும்போது புள்ளி என்றால் பக்கம், ஒரு சுழற்சிக்குள் போய்விட்டால் புள்ளி என்றால் அந்தச் சுழற்சியின் உருப்படி, வெளியே இருந்த பக்கத்தைக் கூப்பிட முன்னால் டாலர் போட வேண்டும். எட்டு மாதம் ஆகியும் முதல் தடவையிலேயே சரியாக எழுதியதாக நினைவில்லை. லிக்விடில் ஒரு வரியைப் பார்த்தால் என்ன என்று சித்தப்பாவுக்கே புரியும், இதை அவரிடம் காட்டவே கூச்சமாக இருக்கிறது.

பதிப்பு விஷயம் இன்னொன்று. பன்னிரண்டு வருஷம் ஆகியும் ஹ்யூகோ 1.0 ஆகவில்லை, பூஜ்யம் புள்ளி நூற்றுச் சொச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, புதுப் பதிப்பு அடிக்கடி வரும், அமைப்புகளின் பெயரும் டெம்ப்ளேட் ஃபோல்டர்களின் அடுக்கும் மாறும். முதலில் ஒரு ஆயத்தத் தீம் போட்டேன், அது பழைய பதிப்புக்கு எழுதியது, பாதி இடத்தில் வழக்கொழிந்தது என்று எச்சரிக்கை, ஒரு இடத்தில் ஓடவே இல்லை. தீமைத் தூக்கிவிட்டு நானே நாலு டெம்ப்ளேட் எழுதிக்கொண்டேன். ஆனால் ரூபிக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம், இங்கே நான் புதுப்பிக்காவிட்டால் எதுவும் தானாக மாறாது. பென்டிரைவில் இருக்கும் அந்த ஒற்றை ஃபைல் எந்தப் பதிப்போ அதேதான், உபுண்டுவைப் புதுப்பித்தாலும் அது அசையாது. சின்ன விஷயம் ஒன்று: நீக்கிய பக்கத்தை வெளியீட்டு ஃபோல்டரிலிருந்து ஹ்யூகோ தானாக எடுக்காது, பழையது அங்கேயே கிடக்கும். ஒவ்வொரு முறையும் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டுக் கட்டுங்கள், ஐந்து வினாடிதானே.

நூறு இருநூறு பக்கம் வைத்திருந்து, கிட்ஹப் பேஜஸே எல்லாம் பார்த்துக்கொள்கிறது, உங்கள் கணினியில் ரூபியே போடவில்லை என்றால் ஜெக்கிலிலேயே இருங்கள், மாற ஒரு காரணமும் இல்லை. சொந்த பிளகின்களை நம்பி இருக்கிறவர்களும் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள். வருஷக் கணக்காகப் பதிவு சேர்ந்துகொண்டே போகிறது, நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வேறு ஒருவர் வேறு ஒரு கணினியில் தளத்தைக் கட்ட வேண்டியிருக்கும் என்றால் ஹ்யூகோதான். நாங்கள் திரும்பிப் போகப் போவதில்லை.

பழைய ஜெக்கில் ஃபோல்டரை இன்னும் அழிக்கவில்லை. போன வாரம் ராத்திரி நல்ல மழை, விடியற்காலையில் கரண்ட் போய்விட்டது, நான் பஸ்ஸில் இருந்தேன். 8.42க்கு அத்தை பையன் லேப்டாப்பிலிருந்து பதிவு ஏறியிருந்தது. 63.4 மில்லிமீட்டர், கோரையாற்றில் கரை ததும்பத் தண்ணீர், அளந்த நேரம் 8.30. எண் சரியான கட்டத்தில்தான் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.